வேலை போனால் உரிமையும் போய்விடுமா?

“ஆர்டர் இல்லை. நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்.”

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் இந்த ஒற்றை வரியைக் கேட்காத தெரு இருக்க முடியாது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத தோல் தொழிற்சாலைகளை மூடச் சொல்லி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கேட்டோம். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது கேட்டோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நமது நாட்டுப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது ஷூ கம்பெனி வாசல்களில் இதே வரி எங்கே ஒலித்துவிடுமோ என்று அஞ்சினோம்.

வேலை கொடுப்பவனும் எடுப்பவனும் அல்லாஹ்தான். ரிஸ்க் அவன் கையில். இதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலை போன மறுநாள் நம் சகோதரன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். மனைவியின் நகையை எடுத்துக் கொண்டு அடகுக் கடைக்குப் போகிறான். மார்க்கம் தடுத்த வட்டியை வாசல் வழியே வீட்டுக்குள் அழைத்து வருகிறான். அவன் பெயரிலேயே சட்டப்படி வர வேண்டிய பணம் வேறொரு அலுவலகத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது! அது இருப்பதே அவனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய நாமும் சொல்லவில்லை.

இந்தத் தலையங்கம் அதைச் சொல்வதற்காகத்தான்.

பிச்சையல்ல, சந்தா!

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிக் கொள்வோம். “வேலை இல்லை என்று அரசாங்கத்திடம் போய்க் கையேந்துவதா?” என்று மானமுள்ள நம் இளைஞர்கள் கூசுகிறார்கள். யாசகம் கேட்டு வந்தவரைக் கோடரி வாங்கச் செய்து விறகு வெட்ட அனுப்பிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இந்தக் கூச்சம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கூச்சப்பட வேண்டிய இடம் இதுவல்ல.

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியிடம் ஈ.எஸ்.ஐ.க்காக 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய் கட்ட வேண்டும். 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விகிதம் இது. ஒருவர் மாதந்தோறும் சந்தா கட்டிவிட்டு, கஷ்டம் வந்த நாளில் அதன் பலனைக் கேட்டால் அதற்குப் பெயர் பிச்சையா? கேட்காமல் விட்டுவிடுவதற்குப் பெயர் மானமா? அல்ல, அறியாமை!

முதுமையில் தெருவில் யாசித்துக் கொண்டிருந்த ஒரு யூதரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவி செய்துவிட்டு, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்க உத்தரவிட்டதை இமாம் அபூயூசுஃப் தமது கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார். உழைக்க வழியற்றுப் போனவனைத் தாங்குவது ஆட்சியாளரின் கடமை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் நமக்கு வேண்டுமா? காயிதெ மில்லத் அவர்களும் அங்கம் வகித்த அரசியல் நிர்ணய சபை உருவாக்கிய சட்டத்தின் 41ஆவது பிரிவும், வேலையின்மைக் காலத்தில் குடிமக்களுக்கு உதவ, தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது.

என்னென்ன கிடைக்கும்?

ஈ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரி, மாத்திரை என்று மட்டுமே நம்மவர்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். வேலை இழந்தோருக்கு அதில் இரண்டு திட்டங்கள் கொண்டுவரப்பட்டன.

முதலாவது, 2005 ஏப்ரல் 1 முதல் வந்த ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம். தொழிற்சாலை மூடப்பட்டதாலோ, ஆட்குறைப்பாலோ வேலை போனவர்களுக்கும், வேலையோடு தொடர்பில்லாத விபத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் அடைந்தவர்களுக்கும் உரியது. அதிகபட்சம் 24 மாதங்கள் வரை உதவித்தொகையும், அக்காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் உண்டு.

இரண்டாவது, 2018 ஜூலை 1 முதல் சோதனை முறையில் தொடங்கப்பட்ட அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். தொடக்கத்தில் சராசரி தினக் கூலியில் 25 சதவீதம்தான் தந்தார்கள். 2020 மார்ச் 24 முதல் வேலை இழந்தவர்களுக்கு அது 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வாழ்நாளில் மொத்தம் 90 நாட்களுக்கு மட்டும். வேலை இழப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது ஈ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு சந்தாக் காலங்கள் உண்டல்லவா? வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாட்களும், அந்த இரண்டு ஆண்டுகளில் மீதமுள்ள மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாட்களும் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். வேலை போய் 30 நாட்கள் கழித்து, முதலாளியின் தயவில்லாமல் தொழிலாளியே நேராக விண்ணப்பிக்கலாம் என்று 2020இல் விதி தளர்த்தப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் வாங்கியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 ரூபாய். 90 நாட்களுக்குச் சுமார் 18,000 ரூபாய். அடகுக் கடைக்குப் போகும் நகை வீட்டிலேயே இருக்க இந்தத் தொகை போதாதா? இத்திட்டம் நிரந்தரமானதல்ல, அவ்வப்போது காலநீட்டிப்புப் பெற்றே வந்திருக்கிறது. எனவே, வேலை போன உடனேயே அருகிலுள்ள ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் திட்டம் எந்தத் தேதி வரை நடப்பில் உள்ளது என்று கேட்டுவிடுங்கள்.

இவை தவிர, முதலாளி தர வேண்டியது தனி. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவரின் மறுபயிற்சிக்காக 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை முதலாளி தனியாகச் செலுத்த வேண்டும். அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்பதும் புதிய தொகுப்பில் வந்திருக்கிறது. வேலையை விட்டு நீக்கினால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே அது உண்டு.

ஆனால் புதிய தொகுப்புகள் கொடுத்ததைச் சொல்லும்போது பறித்ததையும் சொல்ல வேண்டும். முன்பு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி தேவை. இப்போது அந்த எல்லை 300 பேர் என்று உயர்த்தப்பட்டுவிட்டது. நம் பகுதியின் நடுத்தர ஷூ கம்பெனிகள் பலவும் இதனால் அனுமதி கேட்க வேண்டிய கட்டாயத்திலிருந்து தப்பிவிடும். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்ப இருந்த மூன்றாண்டு அவகாசமும் இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. எனவே “பார்த்துக் கொள்ளலாம்” என்று நாள் கடத்துகிறவன் நஷ்டப்படுவான்.

அந்த ஒரு கையெழுத்து!

இத்தனை உரிமைகளையும் ஒரே நொடியில் அழிக்கும் ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதுதான் ராஜினாமாக் கடிதம்.

கம்பெனி அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். டீ கொடுக்கிறார்கள். “உன் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை தம்பி. நீயாக எழுதிக் கொடுத்துவிட்டால் பி.எஃப். பணத்தைச் சீக்கிரம் வாங்கித் தந்துவிடுகிறோம்” என்கிறார்கள். நம் தம்பியும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். சில இடங்களில் வேலைக்குச் சேரும் நாளிலேயே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்ளும் கொடுமையும் நடக்கிறது.

அந்தக் கையெழுத்தின் பொருள் என்ன? “என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை, நானாகவே விலகினேன்” என்பதுதான். தானாக விலகியவனுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. தானாக விலகியவன் “வேலை இழந்தேன்” என்று ஈ.எஸ்.ஐ.யில் போய் நின்றால் கோரிக்கை தள்ளுபடியாகும். பத்தாண்டு உழைத்தவனுக்கு 150 நாள் சம்பளம் இழப்பீடாக வர வேண்டும். ஒரு டீக்கும் ஒரு கையெழுத்துக்கும் அது கைமாறிப் போகிறது!

ஆகவே அருமைச் சகோதரர்களே! எழுதாமல் ராஜினாமா இல்லை. எழுதாதீர்கள். “என்னை நீக்குவதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். தரவில்லையா? வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை என்று அன்றே பதிவுத் தபாலில் கம்பெனிக்கு எழுதி, நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண் ஆகியவற்றை இன்றே வீட்டில் ஓர் உறையில் போட்டு வையுங்கள். பிறகு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

பி.எஃப். பற்றியும் ஓர் எச்சரிக்கை. வேலை போனதும் மொத்தத்தையும் வழித்தெடுக்க ஓடாதீர்கள். 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று வருங்கால வைப்புநிதியின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளதென்று கேட்டுக் கொள்ளுங்கள். இதைவிட முக்கியம் பென்ஷன். 10 ஆண்டு சேவை இருந்தால்தான் மாதாந்திர ஓய்வூதியம். ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் பென்ஷன் பணத்தை எடுத்துவிடுகிறவனுக்கு அதுவரையிலான சேவைக் கணக்கு அழிந்துவிடும். அதை எடுக்காமல், திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிஃபிகேட்) வாங்கி அடுத்த வேலையில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருப்போருக்கு

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று கடலோர ஊர்களின் அடுப்பு எரிவது வளைகுடா வருமானத்தால்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2023 ஜனவரி 1 முதல் வேலை இழப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹம், அதற்கு மேல் உள்ளவருக்கு 10 திர்ஹம் சந்தா. சேராதவருக்கு 400 திர்ஹம் அபராதம். நம்மவர்கள் அபராதத்துக்குப் பயந்து சேர்ந்துவிட்டு, பலனை மறந்துவிடுகிறார்கள்! தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியவருக்கு வேலை போனால், கடைசி ஆறு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதங்கள் வரை கிடைக்கும். வேலை போன 30 நாட்களுக்குள் கோர வேண்டும். அங்கும் அதே நிபந்தனைதான்: ராஜினாமா செய்தவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டாலும் கிடையாது. எனவே முதலில் கோரிக்கை, பிறகு டிக்கெட்!

வணிகப் பெருமக்களுக்கு

இந்த இதழை வாங்கிப் படிப்போரில் பெரும்பகுதியினர் கடை வைத்திருப்போர், கம்பெனி நடத்துவோர். உங்களிடம் உரிமையோடு சில வார்த்தைகள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும். 20 பேர் இருந்தால் பி.எஃப். பொருந்தும். 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் ஈ.எஸ்.ஐ.யில் அடங்குவர். ஆனால் 25 பேர் வேலை செய்யும் இடத்தில் ஏட்டில் ஒன்பது பேரைக் காட்டுவது வியாபாரத் தந்திரம் என்று சிலர் கருதுகிறார்கள். இன்னும் சிலர் தொழிலாளியின் பங்கைப் பிடித்துக் கொண்டு கட்டாமலே விடுகிறார்கள். இது தந்திரமா? அமானிதத்தில் கை வைப்பதல்லவா? தொழிலாளியின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிமொழியை ஜும்ஆதோறும் முன் வரிசையில் அமர்ந்து கேட்கிறோம். அவன் கூலியில் பிடித்த 90 ரூபாயும் கூலிதான் என்பதை மறந்துவிடலாமா? ரமளானில் ஜகாத்தும் புத்தாடையும் கொடுக்கும் உங்கள் கை தாராளமானது. ஆனால் ஜகாத் கொடுப்பதால் தொழிலாளிக்குச் சேர வேண்டிய ஹக் தள்ளுபடியாகிவிடாது. ஹக்கை ஒழுங்காகக் கொடுத்தால் அவன் ஜகாத் வாங்கும் நிலைக்கே வரமாட்டான்.

தொழில் நலிந்து போவது உங்கள் குற்றமல்ல. ஏற்றுமதி நின்றால் நீங்களும் சேர்ந்துதான் நஷ்டப்படுகிறீர்கள். ஆள் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் உண்மையை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ராஜினாமா எழுதி வாங்காதீர்கள். உங்கள் ஒரு கடிதத்தால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று மாத அரிசி கிடைக்கும்.

அரசுக்கு

தமிழக அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும் இளைஞர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் என்று பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்த தொகை இன்றைய விலைவாசியில் எத்தனை நாளைக்குக் காணும்? குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு நாள் கூலிக்காரனையும் வெளியே தள்ளுகிறது. நிரந்தரச் சம்பள வேலைகளில் முஸ்லிம்களின் பங்கு குறைவு, சொந்தச் சிறுதொழிலில்தான் அதிகம் என்று 2006இல் சச்சார் குழு எடுத்துச் சொன்னது. பீடி சுற்றும் பெண்களும், தள்ளுவண்டிக்காரர்களும், கறிக்கடை உதவியாட்களும் எந்த ஈ.எஸ்.ஐ.யிலும் இல்லை. அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியங்கள் கல்விக்கும் திருமணத்துக்கும் மரணத்துக்கும் உதவுகின்றன. வேலை இல்லாத நாளுக்கும் உதவ வேண்டாமா?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஈ.எஸ்.ஐ. வேலையின்மை உதவியை நிரந்தரச் சட்ட உரிமையாக்க வேண்டும். வாழ்நாளில் 90 நாள் என்ற வரம்பை உயர்த்த வேண்டும். மாநில உதவித்தொகையையும் வருமான வரம்பையும் விலைவாசிக்கேற்ப மாற்ற வேண்டும். நல வாரிய உறுப்பினர்களுக்கும் வேலை இழப்பு உதவி வேண்டும். 2007இல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீட்டைப் போல இதையும் ஒன்றுபட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். வேலை இழப்பு மதம் பார்த்து வருவதில்லை. ஆலையில் நம் பக்கத்தில் நின்று உழைக்கும் தலித் சகோதரனோடும் மற்றவர்களோடும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

ஜமாஅத்துகளுக்கு

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இரண்டு இளைஞர்கள் போதும். ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் உட்காரட்டும். வருகிறவருடைய ஈ.எஸ்.ஐ. எண் உயிரோடு இருக்கிறதா, சந்தா ஏறியிருக்கிறதா, வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்று கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லட்டும். வேலை இருக்கும்போதே பார்ப்பது நல்லது. முதலாளி சந்தா கட்டவில்லை என்பது வேலை போன பிறகு தெரிந்தால் அழத்தான் முடியும். விண்ணப்பித்துப் பணம் வரும்வரை பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் கொடுங்கள். வந்ததும் திருப்பித் தருவான். அடகுக் கடையின் படியேறவிடாமல் ஒரு குடும்பத்தைத் தடுத்த நன்மை உங்களைச் சேரும்.

இளைஞர்களே! உதவித்தொகையை வாங்கிக் கொண்டு திண்ணையில் படுத்துவிடுவதற்காக இதை எழுதவில்லை. அடுத்த வேலையை நிதானமாகத் தேட, குடும்பம் பட்டினி கிடக்காமல் இருக்க, அந்த 90 நாள் ஓர் ஊன்றுகோல். அவ்வளவுதான். உங்கள் ஹக்கைக் கேட்டு வாங்குங்கள். கேட்கத் தெரியாதவனுக்குக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. வேலையில் இருக்கும் ஒவ்வொரு சகோதரரும் இந்த வாரமே தன் ஈ.எஸ்.ஐ. எண்ணை எடுத்துப் பார்க்கட்டும். மற்றதை அல்லாஹ் இலேசாக்குவான், இன்ஷா அல்லாஹ்!